சனிக்கிழமை எடைச்சீட்டு

"இன்னாம்மா, வண்டி மேடையில ஏறி அரை மணி ஆவுது. சீட்டு வருமா, இல்ல இங்கயே குடிசை போட்டுக்கவா?" லாரி டிரைவர் ஜாபர் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"மிஷினு நின்னுகினு கீது பாய். நான் இன்னா பண்றது?" என்றாள் எழில்மொழி. திரையில் எடை பதினெட்டு டன்னில் உறைந்திருந்தது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையின் அந்த எடைமேடைக்குப் பின்னால் பதினோரு லாரிகள் நின்றன.

முதலாளி சுயம்பு உள்ளிருந்து குரல் கொடுத்தார். "சனிக்கிழம அரைநாள்னா மட்டும் கை பறக்குது. மத்த நாள்ல என்னட்டி, மருதாணியா வச்சிருக்க? இந்த வாரத்துக்குள்ள வரிசை கொறையலன்னா வேற ஆளு."

எழில்மொழியின் வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அப்பா படுத்துவிட்ட வருடம் பி.காம். நின்றது. பெரம்பூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி இது. ஐந்து வருடம் அவள் கையை யாரும் குறை சொன்னதில்லை. 2009 பங்குனியில் முதலாளி மகன் பாலகணேஷ் மேஜைக்கடியிலிருந்த பழைய கணினியைத் தூக்கினான். இனி எங்கோ வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த மெஷினில்தான் எல்லாம் ஓடும், அதற்குப் பெயர் கிளவுட் என்றான். அதிலிருந்துதான் இந்த வரிசை.

முதலில் இணைப்பைச் சந்தேகித்தாள். வேறு பக்கங்கள் பட்டென்று திறந்தன. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரத்தைக் குறித்து வந்தாள். மூன்று வாரம். மெஷின் காலை பத்து மணிக்குப் படுக்கும், மாலை மூன்றரைக்கு எழுந்துவிடும். சனிக்கிழமை படுப்பதே இல்லை. வீட்டில் கீழ்த்தளத்து துரை குழாயில் மோட்டார் மாட்டினால் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் நூலாக வரும். இங்கேயும் யாரோ இழுக்கிறார்கள். மெஷினை வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு எழுதினாள். எங்கள் பக்கம் குறையில்லை, உங்கள் மெஷினுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை பார்த்தாள். பாலகணேஷ் திரைக்குக் கீழே ஒட்டிவைத்திருந்த பாஸ்வேர்டே போதுமாக இருந்தது. அவன் பெயரில் ஒரு புரோகிராம் பங்கு விலைகளை நொடிக்கு நொடி இழுத்துக்கொண்டிருந்தது. மெஷினின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அதற்கே போயிற்று. பங்குச் சந்தை அப்போது பத்து மணிவாக்கில் திறந்து மூன்றரைக்கு மூடும்; சனிக்கிழமை விடுமுறை.

தாள்களோடு உள்ளே போய்ச் சொன்னாள். "அத்த நிறுத்திட்டா வரிசையே இருக்காது மொதலாளி."

சுயம்பு மகனைப் பார்த்தார்.

"அது சும்மா டெஸ்டிங்ப்பா," என்றான் பாலகணேஷ், செல்போனிலிருந்து தலை தூக்காமல்.

"எம்மவன் மெஷினு. அவன் என்னமும் ஓட்டுவான். ஒன்ன எவன் உள்ள போயி நோண்டச் சொன்னான்?"

"என் கை மெதுவுன்னீங்க. அதான் பாத்தேன்."

"வாயி மட்டும் நல்ல வேகம். நாளையிலேருந்து வரவேண்டாம்."

மறுநாள் சனிக்கிழமை. விட்டுவந்த டிபன் பாக்ஸை எடுக்கப் பதினொன்றரைக்குப் போனாள். அவள் நாற்காலியில் பாலகணேஷ் இருந்தான். பொத்தானை அழுத்தினான், சீட்டு வந்தது. மேடைக்குப் பின்னால் இரண்டு லாரிகள்தான். "ஆளு மாறுனதும் எப்படி ஓடுது பாத்தீரா பாய்," என்று சுயம்பு ஜாபரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாபர் அவளைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். டிபன் பாக்ஸ் ஜன்னலோரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழில்மொழி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.