பஞ்சு வைத்த சுவர்

மெத்தைக்காரர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று தெருவே சாட்சி சொல்லும். அப்பேர்ப்பட்டவரின் இரண்டு வயது மகளுக்கு முதுகு, தொடை, காது மடல் என்று அங்கங்கே ரத்தம் கட்டி நீலநீலமாகக் கிடந்தது. மனிதர் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது பஞ்சு ஒன்றுதான். கடையில் மிஞ்சியதையெல்லாம் திணித்து, சுவர், கட்டில் கால், கதவு நிலை என்று வீட்டுக்கே மெத்தை தைத்து மாட்டினார். நல்லது செய்யப் போய் வினையை விலைகொடுத்து வாங்கினார்.

காலையில் கொஞ்ச நேரம் பிள்ளையை விட்டுவரும் காப்பகத்து ஆயா இந்த நீலத்தைப் பார்த்துப் பயந்துபோய்ப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்ன கையோடு குழந்தைகள் நல அலுவலருக்கும் தகவல் கொடுத்தார். வீட்டைப் பார்க்க வந்த அந்த அம்மாள் சுவரைத் தட்டினார். சத்தமே இல்லை. இங்கே பிள்ளை கத்தினால் வெளியே கேட்குமா என்று விசாரித்தார். மெத்தைக்காரருக்குத் தொழில் பெருமை பொங்கிவிட்டது. இடியே விழுந்தாலும் கேட்காது, அவ்வளவு நெருக்கித் தைத்திருக்கிறேன் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பரிசோதனை முடிவு வரும்வரை பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், ரத்தத்தில் குறை எதுவும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவது சந்தேகம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். தன் பிள்ளைக்கு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அப்பன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுநாள் பார்த்தால் குழந்தையின் கையில் புதிதாக, பட்டையாக ஒரு நீலம். இது யார் வேலை என்று அலுவலர் மெத்தைக்காரரை முறைத்தார். ரத்தம் எடுக்க ரப்பர் பட்டை கட்டிய நர்ஸ்தான் தலைகுனிந்து முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. மெதுவாத்தான் கட்டினேன்."

அலுவலர் பேனாவை மூடினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ரத்தத்தை உறையவைக்கும் சத்து பிறவியிலேயே குறைவு, லேசாக இடித்தாலே கட்டிவிடும், மருந்து உண்டு. நாங்கள் கேட்காமல் விட்டால் நிஜமாகவே அடிபடும் பிள்ளை தப்பாது, அதனால்தான் கேட்டோம் என்றார் டாக்டர். மெத்தைக்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில் மனைவியிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பஞ்சு வெச்சும் நீலம் நிக்கலையேன்னு, நான் கடைக்குப் போனப்புறம் நீதான் அடிக்கிறியோன்னு ஒரு மாசமா நெனச்சிட்டிருந்தேன்."

அவள் நின்றுவிட்டாள்.

"நான் ஏன் இவள உங்ககிட்ட தனியா விடவே இல்லைன்னு நெனக்கிறீங்க?"

பிள்ளையை வாங்கிக்கொள்ள வழக்கம்போல் கையை நீட்டியவள், பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"பரவால்ல. நீங்களே தூக்கிட்டு வாங்க."