பூஜ்யத்துக்குக் கீழே

நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். வீடுகளில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளின் அடித்தளத்தை எழுதுகிறவள். வேலையில்லாத பாகத்தைத் தூங்கவைத்து, வேலை வந்ததும் எழுப்பி, பேட்டரியை மிச்சப்படுத்துவது அவள் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் அவள் மேஜைக்கு வந்தார்.

"ஒரு வீட்டுல, பேட்டரியில ஓடிட்டிருந்த மெஷின்ல காத்து மோட்டார் தானா தூங்கப் போயிடுச்சு. எழுந்திருக்கவே இல்ல. அலாரமும் அடிக்கல. நல்லவேளை, அந்த மெஷின்ல மூச்சு விட்டுட்டிருந்த பெரியவரோட சம்சாரம் பக்கத்துலயே இருந்தாங்க. கையால அழுத்தி மூச்சு குடுக்குற பையை வெச்சு சமாளிச்சுட்டாங்க."

தசைகள் தளர்ந்து படுத்த படுக்கையாகிவிட்ட குட்டியின் அண்ணன் அதே ரகக் கருவியில்தான் மூச்சு விடுகிறார். படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய் அண்ணிக்கு போன் போட்டாள்.

"அண்ணி, மெஷினை கரண்ட்லயே போட்டு வைங்க. அழுத்துற பை கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் எனக்கு பயமே."

அந்த மென்பொருளில் மோட்டார் வேண்டும் என்கிற ஒவ்வொரு நிரலும் ஒரு பொது எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். வேலை முடிந்ததும் ஒன்று கழிக்கும். பேட்டரியில் ஓடும்போது எண்ணிக்கை பூஜ்யமானால் மோட்டார் தூங்கலாம். ஏதோ ஒரு நிரல் இரண்டு முறை கழிப்பதால், மூச்சுக்கு மோட்டார் வேண்டியிருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாகிறது என்று அவளுக்குச் சந்தேகம். கழிக்கும் இடத்திலெல்லாம் திரையில் ஒரு வரி எழுதும்படி வைத்தாள். மேஜையிலிருந்த சோதனைக் கருவி இரண்டாயிரம் சுற்று ஓடியும் சமர்த்தாக இருந்தது. எழுதுவதற்கு ஆகும் கண நேரத் தாமதமே பிழையை ஒளித்துவிட்டது. வரிகளை எடுத்தாள், முந்நூற்று நாற்பதாவது சுற்றில் மோட்டார் நின்றது. என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய பாகமும் கூடவே தூங்கிவிட்டதால் திரையில் ஒரு எழுத்துகூட இல்லை.

புதன்கிழமை வேறு வழி பார்த்தாள். செய்தி சொல்லும் பாகத்தைக் கடைசிவரை விழித்திருக்க வைத்தாள். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் தனி எண்ணிக்கை வைத்தாள். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் கழித்தலை ஏற்காதே, மோட்டாரை ஓடவிடு, யார் செய்தது என்று கத்து.

மதியம் மூன்று மணிக்குக் கத்தியது. பேட்டரி அளவைப் படிக்க முடியாமல் போகும்போது ஒரு நிரல் இரண்டு முறை கழித்தது. யார் எழுதியது என்று அந்த நிரலின் திருத்த வரலாற்றைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் பெயர்.

ஒரு வரிதான், சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. தண்ணீர் குடித்தாள். பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போய், பிழையையும் அதைப் பிடித்த சோதனையையும் சொன்னாள்.

"யார் எழுதினது?" என்றார் அவர்.

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எத்தனை வீட்டுல இருக்கு?"

"ஆறாயிரத்துச் சொச்சம்."

"இன்னைக்கே எல்லாருக்கும் எச்சரிக்கை போகட்டும். திருத்தத்தை அனுப்பு. அந்தக் கத்துற சோதனையை எடுத்துடு. மெஷின் கத்தினா ஜனங்க பயந்துடுவாங்க."

"கத்தாம நின்னா என்ன சார் பண்ணுவாங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, இருக்கட்டும்."

சோதித்து முடித்து, மறுவாரம் திருத்தம் வெளியே போனது. அண்ணன் வீட்டுக்கு அவளே போனாள். திருத்தத்தை ஏற்றி முடிக்கும்வரை கருவி நிற்க வேண்டும். அண்ணி பையை அழுத்தினார். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு தொண்ணூறு சதவீதத்தில் வந்து நின்றுகொண்டது. அண்ணன் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கை வலிக்குதா?"

"நீ திரையைப் பாரு."

கோடு நகர்ந்தது. மோட்டார் முனகி, சீராக ஓடத் தொடங்கியது. முகமூடியை மாட்டியதும் அண்ணன் திக்கித் திக்கிச் சொன்னார்: "நீயும்... மூச்சு விடு... குட்டி."

"தப்பு என்னுதுண்ணா. நான்தான் எழுதினேன்."

அண்ணன், "இப்ப... சரியாயிடுச்சா?" என்றார்.

"இது சரியாயிடுச்சு. வேற எங்க இருக்குன்னு தெரியல."

அடுத்த மாதம் இரண்டு வீடுகளிலிருந்து அந்தச் சோதனையின் எச்சரிக்கை வந்தது, இரண்டும் வேறு யாரோ எழுதிய நிரலில். இரண்டு வீட்டிலும் மோட்டார் நிற்கவில்லை. எச்சரிக்கைகள் வந்து சேரும் பட்டியலைத் திறக்க குட்டிக்கு இன்னமும் பயம்தான். ஆனாலும் தினமும் முதல் வேலையாகத் திறக்கிறாள்.