நூறாவது கல்யாணத்து மேகம்

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்கு வீடியோக் கிறுக்குப் பிடித்தது எண்பத்தேழில். அதுவரை அருப்புக்கோட்டையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். கேமராவைத் தோளில் தூக்கினாலும் தூக்கினார், மனிதருக்குச் சாப்பாடு தூக்கமெல்லாம் மறந்துபோனது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் அலைந்தார். லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். ஒருநாளாவது ‘ஆவுடைத்தாயி, கை வலிக்குதா’ என்று கேட்டிருப்பாரா? கேட்கமாட்டார்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். செத்துப்போன தகப்பனாரின் போட்டோவை மேகத்துக்குள் வைத்து, பூமழை தூவி, பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வதிக்கிற மாதிரி மதுரையில் மிக்ஸிங் செய்து கொண்டுவருவார். அதைப் பார்த்து அழாத வீடு கிடையாது. மேகத்தில் வந்தால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் இவருக்குத்தான் அது மறந்துபோயிற்று.

தொண்ணூற்று மூன்றில் நூறாவது கல்யாணம் எடுத்து முடித்தோம். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடை வாசலில் கலர்த்தாள் கட்டினார். டிவியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிவைத்து, புதிதாக எடுத்த கல்யாணங்களில் நல்ல இடங்களையெல்லாம் ஒரே கேசட்டில் சேர்த்து ஓடவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து பந்தல்குடி ஹலீமா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். நூறாவது கல்யாணம் அவள் கொழுந்தன் அசாருதீனுடையது. அந்தக் கேசட்டை வாங்கத்தான் வந்தாள். அவள் புருஷன் மீரா சாகிபு சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

டிவியில் அசாருதீன் மாலையோடு நின்றான். மேலே மேகம் திறந்தது. பூ கொட்டியது. நடுவில் மீரா சாகிபு சிரித்தார்.

நான் டிவியை அணைக்க ஓடினேன்.

“அடப்பாவமே, இவரு எப்பத் தவறுனாரு?” என்று கூட்டத்தில் ஒரு புண்ணியவான் கேட்டான்.

ஹலீமாவின் கையிலிருந்த பை விழுந்தது. “ரெண்டு மாசமாக் கடுதாசி இல்ல. கல்யாணம் முடியட்டும்னு எல்லாரும் சேந்து எங்கிட்ட மறைச்சுட்டீகளா?” என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“ஐயையோ, இல்ல தங்கச்சி!” என்று இவர் பதறினார். “அண்ணன் வர முடியலையேன்னு ஒங்க கொழுந்தன்தான் போட்டோ குடுத்தாரு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம், கேசட்டுல பாத்து சந்தோசப்படட்டும்னாரு...”

“உசுரோட இருக்குற மனுசனைக் கொண்டுபோயா மேகத்துல வச்சீக? புத்தி இருக்கா ஒங்களுக்கு?” என்று நான் கத்தினேன்.

“அவரு நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி,” என்று இவர் ஹலீமாவிடம் திரும்பினார்.

“நீங்க பாத்தீகளாண்ணே?” என்று கேட்டாள்.

இரண்டு மாதமாகக் கடுதாசி இல்லை. யார் பார்த்தோம்?

அவளைக் கைத்தாங்கலாக எதிரே இருந்த போன் பூத்துக்குக் கூட்டிப்போனோம். கம்பெனி நம்பரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தாள். மூன்று தடவை லைன் கிடைக்கவில்லை. நான்காவது தடவை யாரோ எடுத்து, ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹலீமா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் வீட்டுக்காரர் தெரிந்த சாமி பேரையெல்லாம் முணுமுணுத்தார்.

“யாரு, ஹலீமாவா?” அந்தக் குரல் எங்களுக்கே கேட்டது. “ரெண்டு கடுதாசி போட்டனே, வரலையா? சரி, கேசட்டு வந்துருச்சா? என் போட்டோவ அதுல சேக்கப்போறதாத் தம்பி எழுதிருந்தான். நான் அதுல நல்லாத் தெரியுறேனா புள்ள?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“தெரியுறீக. நல்லாத் தெரியுறீக,” என்றாள் தேம்பிக்கொண்டே. “மேல இருந்தது போதும். கீழ எறங்கி வீடு வந்து சேருங்க.”