சூசை அண்ணாச்சி படித்துக் காட்டிய தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் டவுன் பஸ்ஸிலிருந்து குதித்து வந்து, "ஒங்க சூசை அண்ணாச்சி காலையில போயிட்டாவ" என்றார். நம் ஆலை இருக்கும் ராஜபாளையத்துக்கே தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதானே முறை!

ஆலை நண்பர்களே, நம் பேண்டேஜ் துணி ஆலையில் அவர் டைப்பிஸ்ட் மட்டுமா? பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். லத்தீன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொழிலாளியைப் பற்றி மேனேஜர் எந்த ரகசியக் குறிப்பு கொடுத்தாலும், கையெழுத்துக்குப் போகுமுன் அவனைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துக் காட்டிவிடுவார். தெரிந்தால் அன்றே அவர் வேலை போய்விடும். "ஒருத்தன் பொழப்ப டைப் அடிக்கேன், அவனுக்குத் தெரியாம அடிக்கலாமா?" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் சூப்பர்வைசர் பதவிக்கு என் பெயர் போனது. துணி வெளுக்கும் பகுதியில் என்னை விட்டால் யார்? குறிப்பு முழுக்கப் புகழ்ச்சி. கடைசி வரியில் மட்டும் 'வாலட்டைல்' என்று ஒரு சொல்.

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"நிமிசத்துக்கு நிமிசம் மாறுத ஆளு, சட்டுன்னு பொங்கிருவான். நம்ப முடியாதுன்னு அர்த்தம்."

"யாரப் பாத்து? இந்தா, அந்தாள ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்!"

"ஏலே, உக்காரு. இப்ப நீ போனா அந்த வார்த்தைக்கு நீயே சாட்சி."

உட்கார்ந்தேன். லத்தீனில் 'வொலாரே' என்றால் பறப்பதாம். அதில் பிறந்த இந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் பறவையைக் குறித்ததாம், பிறகு ஸ்பிரிட் போல ஆவியாகிப் போவதை, அப்புறம்தான் மனிதனை.

"பறவைகிட்ட இருந்து ஸ்பிரிட்டுக்குப் போயி, இப்ப ஒன் தலையில வந்து உக்காந்திருக்கு. செத்த நேரம் அசையாம இரு, தானாப் பறந்துரும்."

மறுநாள் மேனேஜர் அழைத்தார். "ஒன்னப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொன்னாங்களா?" என்று கண்ணை இடுக்கினார்.

நாக்கு நுனியில் லத்தீனே வந்து நின்றது. விழுங்கினேன். "நல்லதாத்தான சார் எழுதியிருப்பீக" என்றேன். ஒரு நிமிடம் என்னையே உற்றுப் பார்த்தார், நான் இமைக்கவில்லை.

"கோவக்காரன்னுல்ல நெனச்சேன்" என்று குறிப்பை எடுத்து அந்தச் சொல்லின் மேல் அவரே கோடு போட்டார்.

சூப்பர்வைசர் ஆனேன். 'வொலாரே' என் சொத்தாயிற்று. டாக்டர், வக்கீல் என்று எத்தனையோ பேரை அதை வைத்தே திணறடித்திருக்கிறேன். எங்கே படித்தாய் என்று கேட்டவர்களிடம், நானாகவே படித்தேன் என்று சாதித்தேன். வாய் ஓயாத நான் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு பெயரைத்தான். இன்று பெருமையாக எழுதுகிறேன்: சொல்லித் தந்தவர் சூசை அண்ணாச்சி. இனி அவர் வேலையில் எவனும் கை வைக்க முடியாது.