தலைநகர் கைக்கு மைக் வந்த கதை

என் அக்காவின் கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஊருக்கெல்லாம் அவர் ‘தலைநகர்’. குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது தொழில். ஒட்டிய கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும்போது, தட்டுக்கு ஒரு தலைநகரம் சொல்வார். மங்கோலியா, டொக், உலான் பாத்தர். பர்க்கினா ஃபாசோ, டொக், வாகடூகு. வேலை கொடுத்த வீட்டுக்காரர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். அடுத்த நாள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒட்டிய தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. எனக்குக் குமட்டியதெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்த அறிவுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போய் இயற்பியல் படித்தவன். ஒரு விடைக்குப் பின்னால் ஏன், எப்படி என்று நாலு படி இறங்கிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. படித்து முடித்ததும் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அக்கா வீடு இருந்தது. அங்கேதான் அத்தானின் பொது அறிவோடு ஒரே கூரையின் கீழ் குடியிருக்க வேண்டியதாயிற்று.

கேள்வியும் பதிலும் எழுதிய துண்டுச்சீட்டுகளை அவர் வீடு முழுக்க ஒட்டி வைத்திருந்தார். சமையலறைச் சீட்டுகள் எண்ணெய் குடித்து மஞ்சளாகியிருந்தன. கழிப்பறைச் சீட்டுகள் ஈரத்தில் ஊறி, ஓரம் சுருண்டு, கறுப்புப் பூசணம் பிடித்திருந்தன. உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே உலகின் நீளமான நதிகள்.

“பல் தேய்க்கப் போனா எதுத்தாப்ல ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்னு நிக்குது” என்பாள் அக்கா. “மூணாம். இங்க ஒருத்தி ஒத்த இதயத்தை வெச்சிக்கிட்டு அல்லாடுறா, அவளை என்னன்னு கேக்க நாதியில்ல.”

“பிறந்த குழந்தைக்குத்தான் எலும்பு அதிகம், தெரியுமா?” என்பார் அத்தான், சாப்பாட்டுக்கு நடுவே.

“ஏன் அத்தான் அப்படி?”

“ஏன்னா கேக்க மாட்டாங்க மாப்ளே. எண்ணிக்கைதான் கேப்பாங்க.”

இதுதான் அத்தான். வளரும்போது சில எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன என்று நான் சொல்லத் தொடங்கினால், ஈ விரட்டுவதுபோல் கையை ஆட்டுவார். உமியைக் குதிர் குதிராகச் சேர்த்துவிட்டு அரிசிக்கு இடமில்லை என்கிற ஆள்.

இத்தனையும் எதற்காக என்று அவர் ஒளித்ததே இல்லை. கடைத்தெருவில் ஒரு பார் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் அங்கே வினாடி வினா நடக்கும். கேள்வி கேட்பவரை ‘மைக் ஐயா’ என்பார்கள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டை கெட்டுப்போய், அந்த வருடத்தோடு விலகுவதாக இருந்தார். இறுதிப் போட்டியில் எந்த மேசை ஜெயிக்கிறதோ அந்த மேசையின் தலைவருக்குத்தான் அடுத்து மைக் என்று அறிவித்திருந்தார்கள்.

“ஒரு தடவை நான் கேக்கணும் மாப்ளே. படிச்சவனெல்லாம் கையைக் கட்டி உக்காந்து பதில் சொல்லணும்” என்றார் அத்தான். “உங்கப்பா எந்த விசேஷத்துல பாத்தாலும் உன்னைக் காட்டி ‘எங்க வீட்டுப் பட்டதாரி’ம்பாரு. என்னைக் காட்டி என்ன சொல்வாரு?”

“மூத்த மருமகன்னு சொல்வாரு.”

“அதைத்தான் சொல்றேன். அவரு பொண்ணைக் கட்டினதைத் தவிர நான் எதுவுமே செய்யலயா?”

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அந்தக் குரலில் இருந்த காயம் எனக்குப் புரிந்தது. அதனால்தான் அவர் மேசையில் உட்காரச் சம்மதித்தேன். ‘பட்டதாரி வந்திருக்காரு’ என்று எல்லோரிடமும் சொன்னார். பண்ணையில் புது மாடு வாங்கியவர்போல என் முதுகைத் தட்டிக் காட்டினார்.

அந்த பாரை நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, பசியால் அல்ல. மேசையில் முழங்கையை வைத்தால் தோலோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே துணியால் மேசையையும் துடைத்தார்கள், தம்ளரையும் துடைத்தார்கள், கொஞ்சம் அசந்தால் நம் வாயையும் துடைத்துவிடுவார்கள். பகலெல்லாம் தண்ணீரில் கிருமி தேடுகிறவன் நான். அங்கே தேட வேண்டிய வேலையே இல்லை. விடையைப் பக்கத்து மேசை கேட்டுவிடக் கூடாதென்று அத்தான் என் காதில் வாயை வைத்துச் சொல்வார். மென்ற கடலையும் புளித்த பீரும் சேர்ந்து காதுக்குள் தெறிக்கும்.

அங்கே ஒரு நடைமுறை இருந்தது. மைக் ஐயாவிடம் அட்டை போன பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் உள்ளதுதான் விடை. தவறான விடைகளும் அதில் இருந்தன, அது எல்லா மேசைக்கும் தெரியும். அதே புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கிப் படித்துவிட்டு வருகிறவர்கள் பாதிப்பேர். விடைத்தாளை அடுத்த மேசையோடு மாற்றிக்கொண்டு, மைக்கில் சொல்லச் சொல்ல நாமே திருத்த வேண்டும்.

இறுதிப் போட்டியில் எங்களோடு மோதியது மருந்துக்கடை அம்மாவின் மேசை. மருந்துக்கடை நடத்துகிற அந்த அம்மாள் எலுமிச்சை பானத்தைத் தவிர எதையும் தொட மாட்டார். கடைசிக் கேள்வி வரை இரண்டு மேசையும் சமம்.

“சூரியக் குடும்பத்தில் மிகவும் வெப்பமான கோள் எது?” என்று கரகரத்தார் மைக் ஐயா.

எனக்கு நிம்மதியாக இருந்தது. “வெள்ளிதான் அத்தான்” என்றேன். “சூரியனுக்குப் பக்கத்துல இருக்கறது புதன். ஆனா அதுக்குச் சூட்டைப் பிடிச்சு வைக்கக் காத்து மண்டலம் கிடையாது. வெள்ளியைச் சுத்திக் கரியமிலவாயு கம்பளி மாதிரி மூடியிருக்கு.”

“தெரியும்” என்றார். தாளில் ‘புதன்’ என்று எழுதினார்.

“அத்தான், தப்பு.”

“புஸ்தகத்துல புதன்.”

“தெரிஞ்சே தப்பா எழுதுறீங்களா?”

“சத்தம் போடாத. மைக் முதல்ல கைக்கு வரட்டும். வந்ததும் மொத்தப் புஸ்தகத்தையும் நீயும் நானும் உக்காந்து திருத்துவோம். சத்தியமா.”

தாள்கள் மாறின. மருந்துக்கடை அம்மாவின் தாள் என் கைக்கு வந்தது. தம்ளர் வைத்த ஈர வட்டத்துக்குள் அழகான கையெழுத்தில் ‘வெள்ளி’ என்று இருந்தது.

“விடை, புதன்” என்றார் மைக் ஐயா.

பாதி கூடம் மேசையைத் தட்டியது. அத்தான் என் கையில் பேனாவைத் திணித்தார். “தப்புன்னு பெருக்கல் குறி போடு.”

நான் சரி என்று குறி போட்டேன். எழுந்தும் நின்றேன். “ஐயா, வெள்ளிதான் சரி. எங்க மேசை எழுதினது தப்பு.”

கூடம் சிரித்தது. “தன் மேசைக்கே குழி தோண்டுற பட்டதாரிய இப்பதான் பாக்குறேன்” என்றது ஒரு குரல்.

மைக் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா புஸ்தகத்தைப் பாத்துத்தானே இத்தனை வருஷமா ஓட்டுறோம். இன்னிக்கு ஒண்ணை மாத்தினா, போன வருஷம் தோத்தவன் வந்து சட்டையைப் பிடிப்பான்.”

அதற்குள் அத்தான், தம்ளர் கவிழ்ந்து பீர் என் மேல் வழிய, என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். நான் போட்ட குறியின் மேலேயே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். ஈரத்தாள் பேனா முனையில் கிழிந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். துளி வெட்கம் இல்லை. கடைவாயில் கடலைத்தோல் ஒட்டியிருந்தது.

மருந்துக்கடை அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கள் மேசையருகே நின்றார்.

“அந்தப் புஸ்தகம் எங்கிட்டயும் இருக்கு மேஸ்திரி. புதன்னு போட்டிருக்கிறது எனக்கும் தெரியும். எழுதக் கை வரல” என்றார். என்னைப் பார்த்து, “நீங்க உக்காருங்க தம்பி, சட்டையெல்லாம் பீர் ஆகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அங்கே வரவே இல்லை.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அவரு ஆசைப்பட்டது கிடைச்சதுல்ல?”

“கிடைச்ச விதம்தான் நாறுதுக்கா.”

“நாறட்டும்டா. திருத்துறேன்னு சொல்லியிருக்காருல்ல. சொன்னதைச் செய்யறாரான்னு பாப்போம். அதுக்கு முன்னாடி நீ முகத்தைச் சுளிக்காத.”

அக்காவுக்காகப் பொறுத்தேன். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும், மைக்கோடு சேர்ந்து அத்தான் கைக்கு வந்த புத்தகத்தோடு உட்கார்ந்து தவறுகளைக் குறித்தேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்படியா, அடடா’ என்று தலையாட்டினார். எனக்கே கொஞ்சம் மனம் இளகியது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று புத்தகத்தில் இருந்தது. எல்லா வௌவாலுக்கும் பார்வை உண்டு என்று சொன்னபோது, குழந்தை மாதிரி வியந்தார். “இத்தனை நாளும் அதைக் குருடுன்னு நினைச்சிட்டேனே, பாவம்” என்றார்.

ஞாயிறு வந்தது. அக்காவும் கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். அத்தான் சலவைச் சட்டையில் மேடையேறினார். மைக்கின் தலையில் மாட்டியிருந்த பஞ்சு, மைக் ஐயாவின் பல வருட எச்சிலில் ஊறிக் காய்ந்து தேன்கூட்டு நிறத்தில் இருந்தது. அத்தான் அதை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார். கூடம் அடங்கியது. படித்தவர்களும் படிக்காதவர்களும் பேனாவோடு அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் கண் கலங்கியது. அக்காவும் முந்தானையை எடுத்தாள்.

சில கேள்விகள் ஒழுங்காகப் போயின. பிறகு அவர் பக்கத்தைப் புரட்டினார். “கண் பார்வை இல்லாத பாலூட்டி எது?”

நான் நிமிர்ந்தேன். நான் தவறென்று குறித்துக் கொடுத்த அதே கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அங்கே புத்தகம் படித்துவிட்டு வருகிற மேசைகள். அவற்றுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு பார் முதலாளி.

“விடை...” என்று இழுத்தார் அத்தான். எழுதிக் காட்டவும் பொறுக்காமல் மொத்தக் கூடமும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு ஒரே குரலில் கத்தியது. “வௌவால்.”

அத்தான் முகம் மலர்ந்தது. “சரியான விடை” என்றார், எச்சில் பஞ்சுக்குள்.

பக்கத்தில் அக்கா கை தட்டப் போனவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “என்னடா, தப்பா?”

“தப்புக்கா. அவருக்கும் தெரியும்.”

அவள் முந்தானையை முன்னிருந்த மேசையில் படாமல் ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். “வா, போலாம். இந்த நாத்தத்துல எனக்குத் தலை வலிக்குது.”

நாங்கள் வாசலைத் தாண்டும்போது அத்தான் அடுத்த கேள்வியை ஆரம்பித்துவிட்டார். எங்களைப் பார்த்தார், ஆனால் குரல் தடுமாறவில்லை. வீட்டுக்குப் போனதும் அக்கா கழிப்பறைக்குள் நுழைந்தாள். சுவரிலிருந்த ஈரச் சீட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி வாளியில் போட்டாள். நானும் சுரண்டினேன். சில விரலோடு கூழாக வந்தன.