நாகலூர் காபிக் கிடங்கில் பாலே

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் கோவை ரயில் என்னைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. அங்கிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். கண்டக்டர் எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு இலவசச் சீட்டைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பத்து ரூவா எடுங்க தம்பி" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோவையில் தினமும் கொடுக்கிற காசுதான். ஆனால் பெண்பிள்ளையாகச் சுற்றித் திரிந்த ஊரில் அதைக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் கட்டணம் கொடுத்துச் சந்தோஷப்பட்ட ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். இப்போது என் பெயர் கதிர், வயது இருபத்துநாலு. பழைய பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. எட்டு வயதிலிருந்து பதினாலு வரை ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமைதோறும் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் காபிக் கிடங்கில் பாலே கற்றுக்கொண்டேன். பாலே என்றதும் குட்டைப் பாவாடையும் விரல் நுனியில் நிற்கும் பெண்களும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆண் என்று நாலு பேரை நம்பவைப்பதற்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இதில் பாலே வேறா என்று பத்து வருஷம் காலைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

ஒன்பதேகாலுக்கு ஏற்காடு பஸ். முப்பத்தைந்து ரூபாய், முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். விடுமுறை முடிந்து திரும்பும்போது சின்ன வயதில் அந்த எண்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன். ஏற ஏற நெஞ்சு லேசாகும். விடுமுறைக்கு இறங்கும்போது அதே எண்கள் இருபதிலிருந்து குறையும். ஒன்று என்ற பலகை தாண்டினால் ஓமலூர் வீடு, தாவணி, கொலுசு, விருந்தாளிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். மலைமேல் மட்டும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் பையனாக இருந்தேன்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். கிடங்கு வகுப்பில் நாங்கள் பதினொரு பேர், அத்தனையும் பெண்கள். ஜோடி ஆட்டத்துக்குப் பையன் வேண்டுமே. "உயரமான ஆள் பையன்" என்று மேடம் சட்டம் போட்டுவிட்டார். எங்களுக்குப் பாலே சொல்லிக்கொடுத்தவர், எஸ்டேட் முதலாளியின் மனைவி. அவர் சொன்னால் சொன்னதுதான். நான்தான் உயரம். எனக்கு ஜோடி கோகிலா, அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். அவள் கையைப் பிடித்துச் சுற்றிவிட்டு, முழங்கால் போட்டு நிமிரும்போது, உலகத்தில் எல்லாமே அதனதன் இடத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆறு வருஷம் நான்தான் பையன்.

எட்டாவது படிக்கும்போது முதலாளியின் தம்பி மகன் வகுப்பில் சேர்ந்தான். நிஜப் பையன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருந்தது. மேடம் அவனைக் கோகிலாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என் கையில் ஒரு ரோஸ் பாவாடையைக் கொடுத்துப் பெண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அதற்குப் பிறகு கிடங்குக்குப் போகவே இல்லை. கோகிலாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளியும் மாற்றிவிட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பழைய தோழியிடம் கோகிலாவின் எண்ணை வாங்கி, நான் யார், இப்போது எப்படி இருக்கிறேன் என்றெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். மேடம் வெளிநாட்டில் மகளோடு தங்கிவிட்டார், கோகிலாதான் கிடங்குச் சாவியை வைத்துக்கொண்டு எஸ்டேட் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள் என்று தோழி சொல்லியிருந்தாள். கோகிலாவின் பதில் ஒரே வரி: "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு கிளாஸுங்க, சாக்ஸ் கொண்டு வாங்க." அவ்வளவுதான். கோபமா, மரியாதையா, சகித்துக்கொள்கிறாளா, ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பத்தரைக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினேன். இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு டீ, நாற்பது ரூபாய். பஜ்ஜி இறங்கவில்லை, ஒன்றைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு நாகலூர் பஸ் வந்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, எந்த எஸ்டேட்டுக்குங்க?"

"ரைட்டர் ஊட்டுக்குங்க. கோகிலாவைப் பார்க்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை இஸ்திரி போட்டது, தலை படிய வாரியது. "பொண்ணு பாக்க வந்தவராட்ட இருக்குது. பெரியவங்க யாரையும் கூட்டியாரலீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா. கூடப் படிச்சவங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஒரு கொய்யாவைக் கையில் திணித்தார். மறுத்துப் பயனில்லை.

முந்தின வாரம், காபியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்திருந்தது. பாதையின் இரு பக்கமும் காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து நின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மல்லிகையை ஒத்த அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதியிலிருந்து எஸ்டேட் ஜீப்பின் பின்புறத்தில் நெருக்கிக்கொண்டு போன சனிக்கிழமைகளெல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

கிடங்கு அப்படியேதான் இருந்தது. பலகைத் தரை, சணல் சாக்கு வாடை, பிடித்து ஆடுவதற்குச் சுவரோரம் மாட்டிய தண்ணீர்க் குழாய். அறுவடைக் காலத்தில் மூட்டைகள் ஏற ஏற நாங்கள் ஆடும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் அந்த மூட்டைகள் மேல்தான் உட்காருவார்கள். இப்போது கிடங்கு காலி. ஏழு சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். குழாயின் ஒரு முனை கழன்று கம்பியால் கட்டியிருந்தது.

ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். "அக்கோவ், பைப்பு மாட்ட அண்ணன் வந்துட்டாருங்க."

கோகிலா வெளியே வந்தாள். ஒல்லியாக, சுடிதாரில், சடையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள், சிரிக்கவில்லை. "பைப்பு ஆளு நாளைக்கு வருவாரு சாமி. இவரு ஆட வந்திருக்காரு."

"ஆம்பளைங்க இதெல்லாம் ஆடுவாங்களாக்கா?"

பத்து வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கோகிலா என்னிடம் திரும்பினாள். "ஆடிக் காட்டுங்க, புள்ளைக்குத் தெரியட்டும்."

சாக்ஸ் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். கைபேசியை ஒரு சொம்புக்குள் வைத்துச் சத்தத்தைக் கூட்டி, கோகிலா பியானோ இசையை ஓடவிட்டாள். முதலில் பிளியே, அதாவது முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி இறங்கி ஏறுவது. என் முட்டி சொடக்குப் போட்டது. இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். கைகளைத் தலைக்கு மேலே வட்டமாக உயர்த்தியபோது மார்பில் அறுவைத் தழும்பு இழுத்தது. அறுவை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனால் அதற்குப் பிறகு இப்படிக் கையைத் தூக்கியது அன்றுதான். வலித்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

இடைவேளையில் கோகிலாவும் நானும் காபி காயவைக்கும் களத்தில் போய் உட்கார்ந்தோம். பஜ்ஜியை நீட்டினேன். பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

"சொல்லாம போயிட்டீங்க" என்றாள். "அடுத்த நாளு எங்கப்பாவக் கூட்டிக்கிட்டு உங்க ஆஸ்டலுக்கு வந்தேன். காய்ச்சல்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"காய்ச்சல் இல்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"தெரியும்." பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "அந்தப் பையன் நொம்ப மிதிச்சான். ரெண்டு கால்ல நகம் போச்சு" என்றாள்.

"மன்னிச்சுரு கோகிலா."

"நகத்துக்குங்களா?"

"உன்கிட்டச் சொல்லாம போனதுக்கு. உன்னை விட்டுட்டுப் போகணும்னு போகல. அந்தப் பாவாடையைக் கட்டிக்கிட்டு அந்த வரிசையில நிக்க முடியல."

அவள் பஜ்ஜியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தாள். "அதக் கையில வச்சுக்கிட்டு நின்னப்ப உங்க மொகம் எழவு உழுந்த ஊடாட்ட இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க எழுதினதப் படிச்சப்பத்தான் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒரே வரி?"

"நெறைய எழுதி எழுதி அழிச்சேன். கடைசில சாக்ஸ் மட்டுந்தான் மிச்சம்."

அப்போதுதான் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மூன்றரைக்குப் பிள்ளைகளை, அறுவடையில் மூட்டைகள் அடுக்கும் ஓரத்தில் வரிசையாக உட்காரவைத்தாள். "அந்த ஜோடி ஆட்டம் ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. என் கால்களுக்கு இருந்தது. அவள் கையைப் பிடித்து நடந்து, சுற்றிவிட்டு, விலகி, மறுபடி பிடித்தேன். இடையில் ஒரு தடவை அவள் காலை மிதித்துவிட்டேன். "நீங்களுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இசை முடிந்தது.

ஜோடி ஆட்டம் வணக்கத்தோடுதான் முடியும். பையன் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்து, தான் ஓரடி பின்வாங்குவான். அவள் முழங்கால் மடக்கி வணங்குவாள். பிறகு அவன் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிவான். அந்தக் கிறிஸ்துமஸுக்காக ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, நான் செய்யாமலே போன வணக்கம் அது. கோகிலா சுடிதார் ஓரத்தைப் பிடித்து வணங்கினாள். நிமிர்ந்ததும் பக்கவாட்டில் திரும்பி, என் முறைக்காகக் காத்திருந்தாள். நான் கையை நெஞ்சில் வைத்தேன். தழும்பின் மேல்தான் பட்டது. முதலில் பிள்ளைகளுக்குக் குனிந்தேன். பிறகு அவளுக்கு.

ரெட்டைச் சடை பலமாகக் கைதட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "ஆடுவாங்களாட்ட இருக்குது" என்றாள்.

நாலே முக்காலுக்குப் பஸ். பஸ் நிறுத்தம் வரை கோகிலா வந்தாள். "அடுத்த வாரம் ஆடுற ஷூ வாங்கிட்டு வா. ஆம்பளைங்களுக்குக் கறுப்பு" என்றாள். மத்தியானத்திலிருந்து அவள் போட்டுவந்த மரியாதை எப்போது கழன்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

ஏற்காட்டில் பஸ் மாறி இறங்கும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழக்கத்தில் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: இருபது, பத்தொன்பது, பதினெட்டு. அம்மா கைபேசியில் கூப்பிட்டாள். நான் கதிரான இந்த நாலு வருஷமாக அவள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கண்ணு என்பதோடு சரி. "எங்க கண்ணு இருக்க?" என்றாள். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன், பாலே ஆடிவிட்டு வருகிறேன் என்றேன். "உனக்கு அது நொம்பப் புடிக்குமே" என்றாள். பேசி முடித்து வெளியே பார்த்தபோது ஒன்று என்ற பலகை எப்போதோ தாண்டிப் போயிருந்தது.