பிரிட்ஜைச் சுற்றி ஒரு நடனம்

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். பகலில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் நாற்பது பேரிடம் கூசாமல் பொய் சொல்வாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றிய கையோடு ஆட ஆரம்பித்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயதில் என்ன ஆட்டம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்து, காது கேட்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டாள்.

அது பொல்லாத வருஷம். லேபில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவனின் கம்பெனியை இழுத்து மூடியாயிற்று. மூன்று முறை வீடு மாற்றினார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னது. மூன்றிலும் பிரிட்ஜ் சமையலறைக் கதவுக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுவரோரமெல்லாம் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். ஆகவே பிரிட்ஜ் துரை ஹாலின் நட்டநடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் களேபரத்தில்தான் அவளுக்கு அந்த நடனம் தோன்றியது. வெளியே எதுவும் நிலையாக இல்லாதபோது ஒருத்தி உள்ளுக்குள் எப்படி வளர்கிறாள் என்று பன்னிரண்டு நிமிஷம். சலங்கை இல்லை, பாட்டு இல்லை, மூச்சும் உடம்பும்தான். முதல் நாள் பார்த்த மாமியார் பதறிப்போய், "இடுப்பு புடிச்சுக்கிச்சாம்மா? தைலம் எடுத்துட்டு வரவா?" என்றார்.

ஊர் அரங்கில் நடக்கும் நவீன நடன நிகழ்ச்சிக்கு அது தேர்வாகிவிட்டது. இருபது வருஷ ஆசை. இது சொதப்பினால் இனி வீட்டில்கூட ஆடுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டாள். பம்பரத்தின் சபதங்கள் பிரசித்தம். சர்க்கரையில்லாத காபி மூன்றே நாள் ஓடியது. ஆனால் இந்தச் சபதத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இது பயப்பட வேண்டிய சபதம்தான்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு மேடை ஒத்திகை. ஆடி முடித்து மூச்சு வாங்கியபடி நின்றாள். லைட் போடுகிறவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நடுவுல என்ன இருக்கு? ஏழு தடவை எதையோ சுத்திச் சுத்திப் போறீங்களே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை பெரிய மேடையில், இல்லாத பிரிட்ஜுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடியிருக்கிறாள்! நேராகப் போய்ப் பார்த்தாள். கால் கேட்டால்தானே? அந்த இடம் வந்ததும் தானாக வளைந்தது. ஏற்பாட்டாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, "சரி பண்ண முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் காத்திருக்காங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதீங்க, எனக்கு அழுகை வருது" என்றாள். வரவும் செய்தது.

அவன் சட்டென்று அடங்கினான். "சரி, சரி. அது அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே. இந்த வருஷம் முழுக்க அதைச் சுத்தித்தானே நடந்தோம்? இதை விட்டுட்டு வேற எதை ஆடப் போற?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிட்ஜை ஒரு முறை முறைத்தாள்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஆறு முறை அந்த இடத்தைச் சுற்றி வளைந்து, நெளிந்து, முதுகு உரசுகிற மாதிரி நகர்ந்தாள். ஏழாவது முறை வளையவில்லை. நேராக அதை நோக்கி நடந்தாள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் முன்வரிசையிலிருந்து மாமியாரின் குரல் வெடித்தது.

"ஐயையோ, பாத்துப் போம்மா! பிரிட்ஜு!"

அரங்கமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இன்னொரு அடி வைத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் முழுசாக விரித்தாள். மூன்று வீட்டிலும் ஒரு நாள்கூட அப்படி விரிக்க இடம் இருந்ததில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. கீழே மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது மேடைவரை கேட்டது.

"என் மருமகளுங்க. இம்புட்டு நீளக் கையின்னு எனக்கே இன்னைக்குத்தாங்க தெரியுது."